கடைசிக் குறுக்குச் சட்டம்

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நம் கராஜில் இருக்கும் பழைய ஃபோர்டின் அடிச்சட்டத்தைப் பற்றி நீ ஃபோனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "சேஸிஸ் ரெடிமேடாகவே விற்கிறார்களே அப்பா, வாங்கி வைத்திருந்தால் இந்நேரம் வண்டி ரோட்டில் ஓடியிருக்குமே" என்றாய். நியாயமான கேள்விதான். நான் "பார்க்கலாம் கண்ணு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். ஃபோனைக் காதில் வைத்தால் எனக்கு வார்த்தை வராது, உனக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது எலுமிச்சம்பழம் பறித்துக் கொடுப்பாரே, அவர்தான். அவருக்குப் பதினாறு வயதில், 1948-ல், கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் இருக்கும் எல் மிராஜ் வறண்ட ஏரிக்கு அண்ணனோடு போனாராம். ஏரி என்றுதான் பெயர். தண்ணீர் கிடையாது, மைல் கணக்கில் வெடித்த களிமண் தரை. விடியற்காலையில் பையன்கள் வரிசையாக நின்று, ஒவ்வொருவராகத் தங்கள் வண்டியை முழு வேகத்தில் விடுவார்கள். ஓரத்தில் நின்று ஒருவர் நேரம் குறிப்பார். அதே வருடம் அதே ஏரியில் ஸ்டூ ஹில்போர்ன் என்பவர் மணிக்கு 150 மைலைத் தாண்டினார். பெரியவர் அதைச் சொல்லும்போதெல்லாம் கை நடுங்கும். வயதினால் வந்த நடுக்கம் இல்லை அது.

அந்தப் பையன்களிடம் காசு இல்லை. பாதிப் பேர் யுத்தத்திலிருந்து அப்போதுதான் திரும்பியவர்கள். ஃபோர்டு மாடல் ஏ வண்டி 1927 கடைசியிலிருந்து 1931 வரை சுமார் 48 லட்சம் உருவாகியிருந்தது. அதனால் காயலான் கடையில் எங்கே பார்த்தாலும் அதுதான் கிடந்தது. ஒரு மாடல் ஏ பாடி, 1932-க்குப் பிறகு வந்த ஏதாவது ஒரு ஃபோர்டின் எட்டு சிலிண்டர் வி-8 எஞ்சின், 1939-க்குப் பிறகு வந்த வண்டியிலிருந்து ஹைட்ராலிக் பிரேக். அதற்கு முன்னால் ஃபோர்டில் பிரேக் எல்லாமே கம்பியும் கயிறும் இழுக்கிற வகை. இப்படி மூன்று நான்கு வண்டிகளிலிருந்து எடுத்து ஒரு வண்டி செய்தார்கள். வெவ்வேறு வயதுள்ள இந்தச் சாமான்களை எல்லாம் ஒன்றாகப் பிடித்து வைத்தது அடியில் இருந்த சட்டம். அந்தச் சட்டத்தை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வெட்டி, வளைத்து, ஒட்டி அவரவரே செய்துகொண்டார்கள்.

பெரியவர் தன்னுடைய 1930 மாடல் ஏ கூப்பேயை, அந்த இரண்டு கதவு வண்டியை, எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனபோது அந்த வேலையையும் சேர்த்துத்தான் கொடுத்துவிட்டுப் போனார் என்று நான் எடுத்துக்கொண்டேன். ரெடிமேட் சட்டம் நல்லதாகவே இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவசரத்துக்கு வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவும் மாட்டேன். என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

"பழைய சட்டத்தையே வைத்துக்கொண்டால் என்ன?" என்றும் கேட்டாய். அதற்கு உன் படிப்பே பதில் சொல்லும், இருந்தாலும் என் பாஷையில் சொல்கிறேன். அம்மாவின் பூஜை அலமாரியில் ஊதுபத்தி வருகிற அட்டைக் குழாய் இருக்குமே, அதை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார். அசையாது. பிளேடால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுவிட்டு மறுபடி முறுக்கு. துணி மாதிரி வளையும். அட்டை அதே அட்டைதான். மாடல் ஏ-யின் சட்டம் அந்தக் கீறின குழாய். ஒரு பக்கம் திறந்த சி-சேனல். ஃபோர்டு தெரியாமல் அப்படிச் செய்யவில்லை. அந்தக் காலத்து மண் ரோட்டில் சட்டமே கொஞ்சம் முறுக்கிக் கொடுத்தால்தான் நான்கு சக்கரமும் தரையில் நிற்கும். எஞ்சினும் 40 குதிரைத் திறன்தான். நான் வைக்கப்போவது 1946-ம் வருடத்து 239 கன இன்ச் ஃபிளாட்ஹெட் வி-8 எஞ்சின், 100 குதிரைத் திறன். அந்தச் சட்டம் இதைத் தாங்காது. கதவு தானாகத் திறந்துகொள்ளும், கண்ணாடி விரிசல் விடும்.

அதனால் நான்குக்கு இரண்டு இன்ச் இரும்பு பாக்ஸ் டியூப், 3 மில்லிமீட்டர் கனம். நான்கு பக்கமும் மூடியிருப்பதால் அதே அளவுள்ள திறந்த சேனலைவிட முறுக்கினால் வளையாமல் நிற்கும் விறைப்பு சில நூறு மடங்கு அதிகம். நீ கணக்குப் போட்டு அனுப்பிய தாளைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். பழைய சட்டத்தைத் தூக்கிப் போடவில்லை. அதன் மேல் ஃபோர்டு கம்பெனி அடித்த எண் இருக்கிறது. துடைத்து, எண்ணெய் தடவி மேலே மாட்டியிருக்கிறேன்.

அதை மாட்டுவதற்கு முன் இரண்டு வாரம் அளவெடுத்தேன். பாடி உட்காருகிற ஒவ்வொரு போல்ட் ஓட்டையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் புள்ளி வைத்தேன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் 103½ இன்ச். நீளச் சட்டங்கள் இரண்டும் நேராகப் போகாது கண்ணு. முன்னால் குறுகி, பின்னால் அகன்று வரும். அந்தச் சாய்வுக்காக டியூபில் வி வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, வளைத்து மூட வேண்டும். இதற்கெல்லாம் தரை மட்டமாக இருக்க வேண்டும். நம் கராஜ் தரை வாசல் பக்கம் சரிந்திருக்கிறது. அதனால் முதலில் 12 அடி நீளத்துக்கு ஓர் இரும்பு மேசை செய்தேன். கால்களில் திருகு வைத்து, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை திருகித் திருகி மட்டம் பார்த்தேன். அந்த மேசைக்கே ஒரு மாதம் ஆனது. உன் அம்மா அப்போதுதான் முதல்முறையாக "வண்டி எங்கே?" என்று கேட்டாள்.

அப்புறம் மூலைக்கு மூலை அளவு. உன் தாத்தா கோயம்புத்தூரில் வாசல் நிலை செய்யும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூலைமட்டம் வைத்துப் பார்த்தது போதாது அவருக்கு. ஒரு கயிற்றை இந்த மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் பிடிப்பார், அப்புறம் அடுத்த இரண்டு மூலைக்கும் பிடிப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஆணி. ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் பிரித்துவிடுவார். இங்கே வந்து 35 வருடம் இன்ச்சை ஆயிரமாகப் பிரித்து வேலை செய்தேன். ஆனாலும் தனியாக வேலை செய்யும்போது எட்டில் ஒரு பங்கு என்று எனக்கு வருவதில்லை. நூல் என்றுதான் வாய் சொல்கிறது. இந்தச் சட்டத்தில் நான் விட்டிருக்கிற வித்தியாசம் அரை நூல்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். ஏப்ரலில் நீ கூப்பிட்டு, ஜூனில் லீவு கிடைக்காது, வர முடியாது என்றாய். நான் "சரி கண்ணு, வேலையைப் பார்" என்றேன். ஃபோனை வைத்துவிட்டு நேராகக் கராஜுக்குப் போனேன். வலது பக்கச் சட்டத்தின் பின்பகுதியை ஆறு இன்ச் மேலே தூக்கி ஒட்டுகிற வேலை பாக்கி இருந்தது. சட்டத்தைப் படி மாதிரி வெட்டித் தூக்கினால்தான் பின் அச்சு மேலே ஏறி, வண்டி தரையோடு தாழ்ந்து நிற்கும். அந்தக் காலத்துப் பையன்கள் செய்த வேலை. இதில் அவசரமே கூடாது. நான்கு பக்கமும் பொட்டுப் பொட்டாக வைத்து, இடது வலது என்று மாற்றி மாற்றி, ஒவ்வோர் இன்ச்சாக, நடுவில் ஆறவிட்டு வெல்டிங் அடிக்க வேண்டும். வெல்டிங் ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது தன் பக்கம் இழுக்கும். இது எனக்குத் தெரியாததா? அன்று ராத்திரி மேல் பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் அடித்து முடித்தேன்.

காலையில் அளந்தால் வால் பக்கம் இரண்டு நூல் மேலே தூக்கி நிற்கிறது. பார்வைக்குத் தெரியாது. அப்படியே விட்டிருந்தால் பெயின்ட் அடித்தபின் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும், பின் அச்சு கோணலாக உட்காரும். மூன்று நாள் அதைத் தொடவில்லை. நான்காம் நாள் கிரைண்டரை எடுத்து முழு ஒட்டையும் அறுத்தேன். மறுபடி ஒட்டும்போது மேசையோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடிக்காமல், ஒன்பது நாளில் முடித்தேன். ஒட்டின் மேல் பலத்துக்காக வைத்த தகட்டின் முனையையும் நேராக வெட்டவில்லை. மீன் வாய் மாதிரி உள்வாங்கி வெட்டினேன். நேராக வெட்டினால் பாரம் முழுவதும் ஒரே கோட்டில் வந்து நிற்கும், அங்கேதான் விரிசல் விழும்.

நீ வராததால் இது நடந்தது என்று சொல்ல வரவில்லை அம்மிணி. மனசு ஓர் இடத்திலும் கை ஓர் இடத்திலும் இருந்தது, தப்பு என்னுடையது. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருந்ததை நான் ஃபோனில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

முன்பக்கம் முடிந்துவிட்டது. நான்கு இன்ச் தாழ்த்தி வளைத்த ஐ-பீம் அச்சு (குறுக்கே வெட்டினால் ஆங்கில ஐ எழுத்து மாதிரி இருக்கும்), அதன் மேல் குறுக்காக ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். நீ பார்த்தால் சந்தோஷப்படும் ஒரு விஷயம் இருக்கிறது. அச்சைப் பின்னாலிருந்து தாங்கும் இரண்டு கம்பிகளும் ஃபோர்டில் நடுவில் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குண்டில் முடியும், கோழியின் கழுத்தடியில் இருக்கும் கவட்டை எலும்பு மாதிரி. எஞ்சினுக்கு அடியில் இடம் வேண்டும் என்று அதைப் பிளந்து இரண்டு ஓரச் சட்டத்திலும் மாட்டுவது அந்தக் காலத்து வழக்கம். அப்படி மாட்டினால் ஒரு சக்கரம் மேடு ஏறும்போது அச்சே முறுக்கிக்கொள்ள வேண்டும். ஐ-பீம் முறுக்கிக் கொடுக்கும், குழாய் அச்சு கொடுக்காது, எங்கேயாவது உடைக்கும். சட்டத்தை மூடி இறுக்கிவிட்டு அச்சைத் திறந்த வடிவத்தில் விடுகிறோம். அதே ஊதுபத்திக் குழாய்தான், இங்கே கீறின குழாய்தான் நமக்கு வேண்டும்! அச்சை 6 டிகிரி பின்னால் சாய்த்திருக்கிறேன், சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போல. கையை விட்டாலும் நேராகப் போகும்.

உனக்கு ஒன்பது வயதில் பொமோனாவில் ரோட்ஸ்டர் என்கிற திறந்த வண்டிகளின் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், ஞாபகமிருக்கிறதா? எல்லாக் குழந்தைகளும் மேலே பெயின்ட்டையும் தீ ஜுவாலைப் படத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ ஒரு வண்டிக்கு அடியில் தரையில் வைத்திருந்த கண்ணாடியின் முன் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாய். அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. "அப்பா, இதுதான் நிஜ வண்டியா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். இன்று நீ டெட்ராய்டில் திரையில் பார்ப்பதும் அந்த அடிப்பக்கத்தைத்தான். இரும்பாக அதை நீ இன்னும் கையால் தொட்டதில்லை.

இப்போது ஒரே ஒரு சட்டம் பாக்கி. கியர் பெட்டிக்கு அடியில் வரும் குறுக்குச் சட்டம். வேண்டுமென்றேதான் அதை விட்டு வைத்திருக்கிறேன். பின் அச்சை 1940 ஃபோர்டிலிருந்து எடுத்தேன். அந்த வண்டியில் அச்சுக்கு அச்சு 112 இன்ச், அதனால் அச்சிலிருந்து முன்னால் வரும் டார்க் டியூபையும் உள்ளே ஓடும் தண்டையும் வெட்டிக் குறைத்தாகிவிட்டது. அந்த டியூப் முன்னால் வந்து கியர் பெட்டியின் பின்னால் முட்டி நிற்கும். சக்கரம் தரையைத் தள்ளுகிற தள்ளல் முழுவதும் ஸ்பிரிங்கில் இல்லை, அந்த டியூப் வழியாகக் கியர் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து அந்த ஒரு குறுக்குச் சட்டத்தில் இறங்குகிறது. மொத்த வண்டியையும் முன்னால் தள்ளுவது அந்த இடம்தான்.

அதை நீ ஒட்ட வேண்டும். டிசம்பரில் பத்து நாள் வருவதாகச் சொன்னாய். முதல் இரண்டு நாள் வெட்டுத் துண்டுகளில் பழகு, மூன்றாம் நாள் சட்டம். நான் அளவு பிடிக்கிறேன், பொட்டு வைப்பது நீ. பருத்திச் சட்டையும் மூடின தோல் ஷூவும் கொண்டு வா, செருப்பு வேண்டாம், நைலான் எதுவும் வேண்டாம், பொறி பட்டால் ஒட்டிக்கொள்ளும். உன் கைக்குச் சின்ன அளவில் ஒரு ஜோடி கையுறை வாங்கி வைத்துவிட்டேன். மேசை மேல் சட்டம் கட்டியபடியே இருக்கும், மூலைக்கு மூலை அளவைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். வந்ததும் முதலில் நீ ஒரு தடவை அளந்து, உன் அளவைப் பக்கத்தில் எழுது.

அம்மா கேட்கச் சொன்னாள், டிக்கெட் போட்டாயா?

அன்புடன்,
அப்பா