பெனினாவைத் தாண்டிப் போன விமானம்

அன்புள்ள ஜெயா,

உன் பேத்தி பிறந்த செய்திக்கு வெறும் கைகூப்பும் பொம்மையை அனுப்பிவிட்டு நான் பாட்டுக்கு இருந்துவிட்டேன். நன்றாகத் திட்டிக்கொள். ஒஹையோவில் மகன் வீட்டில் இருக்கிறேன், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, குளிருக்கு இட்லி மாவு புளிக்க மாட்டேன் என்கிறது. மருமகள் ஓவனுக்குள் விளக்கைப் போட்டு மாவை வைக்கிறாள். இங்கத்திய செய்தி இவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. டேட்டனில் அமெரிக்க விமானப்படையின் மியூசியம் இருக்கிறது, மகன் கூட்டிப் போனான். ஊர்ப்பட்ட விமானங்கள். எனக்குக் கால் கடுப்பு, எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. அப்போது சர்ச்சில் இருப்பது மாதிரி ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல், பக்கத்தில் நாம் நர்ஸாக வேலை பார்த்த லிபியாவின் பெயர் போட்டிருந்தது. அப்புறம் எங்கே உட்காருவது? 'லேடி பீ குட்' என்ற குண்டுவீச்சு விமானத்தின் ஆட்கள் நினைவாக வைத்த ஜன்னல் அது. வீட்டுக்கு வந்தும் ராத்திரியெல்லாம் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

1943 ஏப்ரல் 4. பெங்காசிக்குத் தெற்கே சொலூக்கிலிருந்து நேப்பிள்ஸ் துறைமுகத்தின் மேல் குண்டு போடக் கிளம்பியிருக்கிறார்கள். ஒன்பது பேர், அந்தக் குழுவுக்கு அதுதான் முதல் வேலை. கிளம்பும்போதே மணல் காற்று. நம் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் ஈரத்துணி அடைத்து வைப்போமே, அந்தக் கிப்லி. தாமதமாகப் போனதால் இருட்டிவிட்டது, குண்டுகளைக் கடலில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். (போட்டிருந்தால் அங்கே கீழே யார் யார் செத்திருப்பார்களோ, அதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அது வேறு கணக்கு.)

நீதான் பெங்காசி மார்க்கெட்டிலேயே வழி தவறி மேட்ரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள், உனக்கு இது புரியும். நடுராத்திரிக்குப் பிறகு பைலட் ஹாட்டன் ரேடியோவில் திசை கேட்டிருக்கிறார். பதில் சொன்னது பெங்காசியின் பெனினா விமானத்தளம். ஆமாம், நாம் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினோமே, அதே பெனினா. அங்கே இருந்த ஆன்டெனா விமானம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று மட்டும்தான் காட்டுமாம், முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று காட்டாதாம். 330 டிகிரி, அதாவது வடமேற்கே கடல் பக்கம், என்று வந்திருக்கிறது. அப்படியென்றால் இன்னும் கடல் மேல்தான் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று கீழே இருந்தவர்கள் நினைத்தார்கள். அவர்களோ தலைக்கு மேலே தாண்டி, பாலைவனத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். மேலே இருந்தவர்களுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான். பெட்ரோல் தீரும்வரை பறந்து, விடியற்காலை 2 மணி வாக்கில் பாராசூட்டில் குதித்தார்கள். சொலூக்கிலிருந்து 700 கிலோமீட்டர் தெற்கே!

வொராவ்கா என்பவருக்குப் பாராசூட் சரியாக விரியவில்லை. மற்ற எட்டுப் பேரும் ஒன்றுசேர்ந்து, அவரைத் தேடிப் பார்த்துவிட்டு, கடல் பக்கத்தில்தான் இருக்கும் என்று வடக்கே நடக்கத் தொடங்கினார்கள். துணை பைலட் டோனர் டைரி எழுதியிருக்கிறார். மொத்தம் பட்டாளத்துத் தண்ணீர்க் குடுவையில் பாதி, ஆளுக்கு ஒரு நாளைக்கு அதன் மூடியில் ஒரு மூடி. நாம் எத்தனை பேருக்கு ட்ரிப் ஏற்றியிருப்போம், தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நிற்குமே, கண் குழிக்குள் போயிருக்குமே. மூடித் தண்ணீரில் அந்த வெயிலில் 2 நாள் தாங்கினாலே பெரிசு என்றுதான் நான் சொல்லியிருப்பேன். அவர்கள் பாராசூட் துணியைக் கிழித்து, கல்லை வைத்து அம்புக்குறி போட்டுக்கொண்டே 120 கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறார்கள். அவர்களில் லாமாட் என்பவருக்குக் கண் போய்விட்டது. இராத்திரியில் குளிரில் தூக்கம் இல்லை. சம தரை முடிந்து மணல்மேடு தொடங்கியதும் ஐந்து பேரால் முடியவில்லை. ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் மூவரும் உதவி தேடி மேற்கொண்டு நடந்தார்கள். டைரி ஏப்ரல் 12 திங்கட்கிழமையோடு நிற்கிறது. உதவி வரவில்லை, ராத்திரி கடும் குளிர், அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

என்னைத் தூங்கவிடாதது இது இல்லை ஜெயா. அவர்கள் குதித்த பிறகு விமானம் தானாகவே மெல்ல இறங்கி, வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றுவிட்டது. குதித்த இடத்திலிருந்து 25 கிலோமீட்டர் தெற்கே. 1958இல் எண்ணெய் தேடிப் பறந்தவர்கள் கண்ணில் பட்டது. மறு வருஷம் ஆள் போய்ப் பார்த்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, ரேடியோ வேலை செய்கிறது. வடக்கே நடந்ததற்குப் பதிலாகத் தெற்கே நடந்திருந்தால்! ஆனால் அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். தெரிந்ததை வைத்துப் பார்த்தால் வடக்குதான் சரி. ஒழுங்காக, ஒருத்தரை ஒருத்தர் விடாமல், சொல்லிக்கொடுத்தபடி செய்தார்கள், அப்படியும் போய்ச் சேரவில்லை. வார்டில் நாம் எல்லாம் சரியாகச் செய்தும் போன கேஸ்கள் உனக்கு நினைவு வருகிறதா? எனக்கு வரிசையாக வந்தது.

1960இல் ஒவ்வொருவராகக் கிடைத்தார்கள். ஷெல்லி, அந்த ஐந்து பேரைத் தாண்டி ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போயிருக்கிறார். எதைக் குடித்து நடந்தார்! மூர் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் வீட்டில் என்னவென்று சொல்லிப் படையல் வைப்பார்கள், அவர்கள் வழக்கம் என்னவோ.

இதில் என் பேரன் பேய்க்கதை வேறு சொல்கிறான். அந்த விமானத்திலிருந்து கழற்றிய பாகங்களைப் பொருத்திய விமானங்களுக்கெல்லாம் விபத்தாம். கோபம் வந்துவிட்டது, போடா என்று விரட்டிவிட்டேன். எட்டு நாள் நாக்கு வறண்டு நடந்தவர்களை விட்டுவிட்டு இரும்புக்குப் பேய் பிடித்ததைப் பேசுகிறார்கள்.

சரி, உனக்கு ஒரு வேலை. கோட்டயம் சூசியின் நம்பர் உன்னிடம் இருக்கும். அவள் வீட்டுக்காரர் லிபியாப் பாலைவனத்தில் சரீர் என்ற இடத்து எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் வேலை பார்த்தவர். அந்தப் பக்கம் ஏப்ரலில் ராத்திரி எவ்வளவு குளிரும், மணல்மேட்டில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று கேட்டுச் சொல். நான் கேட்டால் அவள் 85ஆம் வருஷத்துக் குக்கர் பாக்கியை ஆரம்பிப்பாள். மே கடைசியில் திருச்சிக்கு வருகிறேன், உன் முழங்கால் ஆபரேஷனை அதற்குப் பிறகு வைத்துக்கொள், கூட இருக்க ஆள் வேண்டும் அல்லவா.

சரோஜா