நோயை முந்தி வாங்கிக்கொள்ளாதே, தம்பி

உ
சிவமயம்

கோட்டையூர்

அன்புள்ள தம்பிக்கு,

உன்னைப் பெற்ற ஆத்தா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே ஐயா, அப்பச்சி, நான் மூவரும் சுகம். உனக்குக் கொப்புடையம்மன் துணை.

போனில் நீ சொன்னதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். நீ ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். அவசரத்தில் பேசி முடிக்கிற காரியமில்லை இது, அதனால்தான் எழுதுகிறேன். இன்னொரு புது வைரஸ் வந்தால், உன்னைப் போல் இளவயதில் நோய்நொடி இல்லாமல் இருப்பவர்கள் முதல் மாதத்திலேயே அதை வலியப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும், ஆஸ்பத்திரியில் இடம் இருக்கும்போதே படுத்தெழுந்துவிட வேண்டும், பிறகு பயமில்லாமல் ஊருக்கு வந்து பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். இந்த யோசனை எங்கிருந்து பிறந்தது என்று எனக்குத் தெரியும். 2021 மே மாதம் அப்பத்தா போனபோது வெளிநாட்டில் இருந்த உன்னால் கேதத்துக்கு வர முடியவில்லை. அவர்கள் தூக்கி வளர்த்த பேரன் வீடியோவில் பார்த்து அழுதாய். இனி ஒருமுறை அப்படி ஆகக்கூடாது என்று நீ நினைக்கிற மனசு எனக்குப் பெரிது. யோசனைதான் தப்பு.

உன் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1918 இன்ஃபுளுயன்சாவில் முதலில் வந்த அலை லேசானது. அப்போது காய்ச்சலில் விழுந்தெழுந்த சிப்பாய்கள் பலர், அந்த வருஷக் கடைசியில் கொடிய அலை வந்தபோது தப்பித்தார்கள் என்று பழைய ராணுவக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். பெரியம்மைக்கும் முன்னோர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்ததைத் தோலைக் கீறி வைப்பது வங்காளத்திலும் துருக்கியிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்த வழக்கம். 1721-ல் பாஸ்டன் நகரத்தில் ஸாப்டியல் பாய்ல்ஸ்டன் என்ற மருத்துவர் 240-க்கும் மேற்பட்டவர்களுக்கு அப்படிச் செய்தார், இறந்தவர்கள் 6 பேர். அதே ஊரில் தானாக அம்மை கண்டவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் வீதம் போனார்கள். இந்தக் கணக்கை வைத்துத்தான் நீயும் பேசுகிறாய்.

ஆனால் பெரியம்மை எப்படிப்பட்ட நோய் என்று நினைத்துப் பார். ஆயிரக்கணக்கான வருஷமாக மனிதர்களுக்குத் தெரிந்தது. இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு வரத்தான் போகிறது, வந்தால் எத்தனை பேர் போவார்கள், பிழைத்தவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பதெல்லாம் ஊரறிந்த விஷயம். தோலில் கீறி வைத்தால் மூச்சு வழியே வருவதைவிட லேசாகப் போகும் என்றும் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். அப்படியும் கீறிக்கொண்டவரிடமிருந்து மற்றவருக்கு முழு அம்மையே தொற்றியது. ஜென்னர் 1796-ல் காட்டிய பசு அம்மைத் தடுப்பூசி வந்தபிறகு, 1840-ல் இங்கிலாந்தில் பழைய முறைக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்துவிட்டார்கள். புது வைரஸ் வந்த முதல் மாதத்தில் உன் கையில் இதில் எந்தத் தகவலும் இருக்காது. வட்டி எழுதாத புரோநோட்டில் நம் ஆட்கள் யாராவது கையெழுத்துப் போடுவார்களா? நீ போடுகிறேன் என்கிறாய்.

நான் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுத்தவள். வைரஸ் உடம்பை விட்டுப் போய்விட்டது என்று நாம் நினைத்தபிறகும் அது என்னென்ன செய்யும் என்பதைப் பாடப் புத்தகம் மாற மாற நானும் படித்து வந்திருக்கிறேன். அப்பச்சிக்கு அறுபதுக்குமேல் இடுப்பைச் சுற்றி அக்கி வந்து சட்டை போட முடியாமல் துடித்தது உனக்கு நினைவிருக்கும். அவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது போட்ட சின்னம்மையின் வைரஸ்தான் அது. நரம்பு முடிச்சுக்குள் அத்தனை வருஷம் படுத்திருந்து எழுந்து வந்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸை 1964-ல் கண்டுபிடித்தார்கள். அது தொற்றியவர்களுக்கு நரம்புறையை அரிக்கிற மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் வரும் ஆபத்து எவ்வளவு அதிகம் என்று அமெரிக்க ராணுவத்தினரின் ரத்த மாதிரிகளை வைத்துத் தெளிவாகக் காட்டியது 2022-ல். தெரிந்த வைரஸின் கணக்கு முடியவே அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

டெங்குவை எடுத்துக்கொள். அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. அதில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிர்ப்பு நிற்கும். அடுத்தமுறை வேறு வகை வந்தாலோ, முதல் தடவை உண்டான எதிர்ப்புப் பொருளே வைரஸுக்கு வழிவிட்டு, ரத்தக்கசிவு வரை கொண்டுபோகிற ஆபத்தைக் கூட்டிவிடும். முந்தி வாங்கிக்கொண்டவனுக்குத்தான் இரண்டாம் தடவை அதிக பயம். நாளைக்கு வருகிற புது வைரஸ் டெங்கு மாதிரியா, அம்மை மாதிரியா என்று முதல் மாதத்தில் யார் உனக்குச் சொல்வார்கள்?

திடமானவன் என்று நீ உன்னைச் சொல்லிக்கொள்வதும் எனக்குச் சம்மதமில்லை. நீ திடமாக இருப்பதில் ஆத்தாவுக்கு இருக்கிற சந்தோஷம் வேறு யாருக்கும் இருக்காது, அது தனி. 1918-ல் அதிகமாகப் போனவர்களில் இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்கள் நிறையப் பேர், உழைத்து உரமேறிய உடம்புகள். கொரோனாவில் உயிருக்குப் போராடியவர்களை 2020-ல் சோதித்தபோது, சுமார் 10 சதவீதம் பேருக்கு இன்டர்ஃபெரான் என்கிற, உடம்பின் முதல் காவலையே முடக்குகிற எதிர்ப்பொருள் அவர்கள் ரத்தத்திலேயே இருந்தது தெரியவந்தது. வைரஸ் வரும்வரை அது இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. எந்த மாஸ்டர் செக்கப்பிலும் அதைப் பார்ப்பதில்லை. நம் வகையறாவில் சர்க்கரையை எத்தனை பேர் காலில் புண் வந்தபிறகுதான் கண்டுபிடித்தார்கள் என்று உனக்கே தெரியும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். தள்ளிப்போடுவதில்தான் லாபம், தம்பி. 2020 மார்ச்சிலும் ஏப்ரலிலும் இத்தாலியிலும் நியூயார்க்கிலும் வென்டிலேட்டருக்குப் போனவர்களுக்கு என்ன கொடுப்பது என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. அதே வருஷம் ஜூனில் டெக்சாமெதாசோன் என்ற பழைய, மலிவான மருந்து வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று பிரிட்டனில் நடந்த சோதனை காட்டியது. நம் காரைக்குடி மருந்துக் கடையில் எப்போதும் இருக்கிற மருந்து. மார்ச்சில் படுத்தவருக்கு அது கிடைக்கவில்லை, ஜூலையில் படுத்தவருக்குக் கிடைத்தது. வைரஸ் அதேதான், நடுவில் கழிந்த மூன்று மாதம்தான் வித்தியாசம். 2021 ஜனவரி 16-ம் தேதி நம் நாட்டில் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள், மே 1 முதல் பதினெட்டு வயதானவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். நோயே வராமல் எதிர்ப்பு சக்தி கிடைக்கிற வழி ஒரு வருஷத்துக்குச் சற்று மேலேயே வந்துவிட்டது. அதற்குள் நீ முந்தி வாங்கிக்கொண்டிருந்தால் எதை ஜெயித்திருப்பாய்?

முந்தி வாங்கினால் பிறகு வராது என்பதும் நிச்சயமில்லை. பிரேசிலில் மானாஸ் என்ற ஊரில் 2020 அக்டோபருக்குள் முக்கால்வாசிப் பேருக்கு வந்து போய்விட்டது என்று ரத்த தானக் கணக்கை வைத்து மதிப்பிட்டார்கள். இனி அந்த ஊருக்குப் பயமில்லை என்று பேசினார்கள். 2021 ஜனவரியில் உருமாறிய வைரஸ் வந்து அதே ஊரில் ஆக்சிஜன் தீர்ந்துபோய் ஜனங்கள் மூச்சுத் திணறினார்கள். நான்கு மாதம் கழித்து இங்கே நாம் பட்டதும் அதுதான்.

ஆஸ்பத்திரியில் இடம் இருக்கும்போதே என்றாயே. உன்னைப் போலவே எல்லா இளைஞர்களும் நினைத்தால் அந்த இடம் முதல் மாதத்திலேயே நிரம்பிவிடும். அதோடு, நீ வாங்கிக்கொள்வது உன்னோடு நிற்காது. ஒருவர் இரண்டு பேருக்குக் கொடுத்தால் பத்தாவது சுற்றில் ஆயிரத்தைத் தாண்டும், போட்டுப் பார். காய்ச்சல் தெரிவதற்கு முன்பே பரவுகிற நோயில், நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவதற்குள் டிபன் கடைக்காரருக்கும் பக்கத்து மேசைக்காரருக்கும் கொடுத்திருப்பாய். அவர்கள் உன்னிடம் கேட்டார்களா?

நம் பக்கத்தை நினைத்துப் பார். இங்கே பாதி வீடுகளில் வயதானவர்கள்தான் காவல். நம் வீட்டிலேயே மூன்று புள்ளிகளுக்கு, அதாவது மூன்று குடும்பங்களுக்கு, அறை இருக்கிறது, வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது. முன்னோர்களைக் கும்பிடுகிற படைப்பு என்றால் சென்னை, கோவை, கோலாலம்பூர் என்று அத்தனை பங்காளிகளும் வந்து இறங்குகிறார்கள். வீட்டு நடுவில் உள்ள வளவில் வரிசையாகப் படுக்கிறோம், ஒரே பந்தியில் சாப்பிடுகிறோம். அங்கே ஒருவருக்கு இருந்தால் எல்லோருக்கும் உண்டு. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை சொருகி, தலைக்குத் தண்ணீர் விடும்வரை வெளியே போகாமல், யாரையும் உள்ளே விடாமல் இருந்த ஊர் இது. அம்மன் பேரைச் சொல்லிச் செய்தார்கள், செய்தது சரியான தனிமைப்படுத்தல்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நம் குடும்பத்தார் வட்டிக்கடைக்குப் போன வரலாறு உனக்குத் தெரியும் என்பதால். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் மஞ்சள் காய்ச்சல் அடிக்கடி வரும். ஒருமுறை வந்து பிழைத்தவனுக்கு மறுபடி வராது. அதனால் காய்ச்சலைத் தாண்டியவனைத்தான் குமாஸ்தாவாக வைத்துக்கொள்வார்கள், அவனுக்குத்தான் கடன் கொடுப்பார்கள், இன்சூரன்ஸ் எழுதுவார்கள். புதிதாக வந்த ஏழைப் பையன்கள் வேலைக்காகக் காய்ச்சலைத் தேடிப் போனார்கள். காய்ச்சல் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் செத்தார்கள். நம் வீடுகளிலிருந்தும் மீசை முளைக்காத பையன்கள் வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்கார ரங்கூனுக்குக் கப்பலேறியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை இப்படி ஒரு நிபந்தனை வைத்து அனுப்பச் சொல்லியிருந்தால் எந்த ஆத்தா அனுப்பியிருப்பாள்? நோய் வந்து போனதற்குச் சீட்டு கொடுத்து விமானத்தில் ஏற்றுகிற நிலை வந்தால், முதலில் அதைத் தேடிப் போய் வாங்கவேண்டி வருவது உன்னைப் போல் படித்தவன் அல்ல, உன் ஊர்க் கட்டடங்களில் சாரம் கட்டுகிற நம் பக்கத்துப் பிள்ளைகள்.

உடம்பைக் கொடுத்து உதவ வேண்டும் என்ற ஆசை உனக்கு உண்மையாகவே இருந்தால் அதற்கு வழி இருக்கிறது. 2021-ல் லண்டனில் 18 முதல் 30 வயதுக்குள் 36 பேர் சம்மதித்து, மூக்கில் மிகச் சிறிய அளவு வைரஸை விட்டுக்கொண்டார்கள். தனி அறை, இரவுபகலாக டாக்டர், தினசரிப் பரிசோதனை. ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் தொற்றியது, யாருக்கும் கடுமையாகவில்லை, பலருக்குக் கொஞ்ச காலம் வாசனை தெரியாமல் போனது. எத்தனை மணி நேரத்தில் தொண்டையில் தெரிகிறது, எந்த நாளில் உச்சத்துக்குப் போகிறது என்பதெல்லாம் அதில் தெரிந்தது. அவர்கள் யாருக்கும் பரப்பவில்லை, பட்ட பாடு எல்லோருக்கும் உபயோகமானது. அப்படி ஒன்றுக்கோ தடுப்பூசிச் சோதனைக்கோ நீ பேர் கொடுக்கிறேன் என்றால், எனக்குத் தூக்கம் வராது, கொப்புடையம்மனுக்கு வேண்டிக்கொண்டே இருப்பேன், ஆனால் தடுக்கமாட்டேன். சும்மா ஒரு நோயாளி பக்கத்தில் போய் உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டு வருகிறேன் என்றால் எந்தக் காலத்திலும் சம்மதிக்கமாட்டேன்.

அப்பத்தா விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். நீ வரவில்லை என்று அவர்கள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் பேச்சு நின்று போவதற்கு முன்னால், "அவன் அங்கேயே இருக்கட்டும், வரச் சொல்லாதே" என்றுதான் என்னிடம் சொன்னார்கள்.

மாசியில் படைப்புக்கு நாள் பார்த்திருக்கிறோம். டிக்கெட் போடுவதற்கு முன்னால் இந்த வருஷத்து ஃப்ளூ ஊசியைப் போட்டுக்கொள். ஐயாவுக்கும் அப்பச்சிக்கும் இங்கே டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிடுகிறேன். கிளம்புகிற அன்று இருமலோ காய்ச்சலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடு, டிக்கெட் மாற்றுகிற செலவை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஆத்தா