சின்னவனுக்கு

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். குளிர் எப்படி இருக்கிறது? பனியில் கார் ஓட்டும்போது கவனம். வாட்ஸ்அப்பில் நான் எதைக் கேட்டாலும் கட்டைவிரலை மட்டும் அனுப்புகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். அக்கா தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறினாள். உன் பேருக்கும் மருமகள் பேருக்கும் சேர்த்தே அர்ச்சனை செய்தாள்.

கடைச் சாமான்களை ஒதுக்கியபோது அமெரிக்கா வந்தபோது மினசோட்டாவின் செயின்ட் பாலில் எடுத்த படம் கிடைத்தது. யுனிவர்சிட்டி அவென்யூவில் அந்த கேஎஸ்டிபி டிவி நிலையம். மாமா ஏரியல் மாட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர், இதைப் பார்க்காமல் போகலாமா என்று அந்தப் பிள்ளைதானே உன்னை வண்டியை நிறுத்தச் சொன்னாள்! மினியாப்பொலிசுக்கும் செயின்ட் பாலுக்கும் உள்ள எல்லைக்கோடு அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே போகிறது என்று காட்டியதும் அவள்தான்.

எனக்கு அந்த நிலையத்தின் சொந்தக்காரர்களான ஹப்பர்ட் குடும்பத்தை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பு. ஸ்டான்லி ஹப்பர்ட் 1923-ல் வானொலியில் இறங்கினார். 1948 ஏப்ரல் 27-ல் டிவி தொடங்கினார், மினசோட்டாவில் அதுதான் முதல் நிலையம். நம் மலேசியாவுக்கு டிவி வந்ததே 1963 டிசம்பரில்தான். தாத்தா கூரைமேல் ஏறி குனோங் ஜெராய் மலைப் பக்கம் ஏரியலைத் திருப்பியதெல்லாம் அதற்கப்புறம். ஹப்பர்ட்டின் மகன் 1981-ல் துணைக்கோள் டிவிக்கென்று கம்பெனி தொடங்கினார். வீடுகளில் 18 அங்குலத் தட்டு வைத்து ஜனங்கள் பார்த்தது 1994-ல். இடையில் பதின்மூன்று வருஷம்! விட்டுவிட்டுப் போக எத்தனை காரணம் கிடைத்திருக்கும்? அவர் விடவில்லை. 1999-ல் துணைக்கோள் கம்பெனியை விற்றார்கள், நிலையத்தை விற்கவில்லை. இப்போது மூன்றாம் தலைமுறை நடத்துகிறது.

இங்கே 1996-ல் ஆஸ்ட்ரோ என்ற துணைக்கோள் டிவி வந்ததும் நம் ஏரியல் வியாபாரம் படுத்தது. நீ சின்னப் பையன், உனக்குத் தெரியாது. அந்த வருஷம் நானும் அம்மாவும் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. பணம் போனால் வீட்டில் வாய் கசந்துவிடும். ஆனாலும் ராத்திரி சோற்றுக்கு ஒன்றாகத்தான் உட்கார்ந்தோம். ஒருநாள் அவளே கணக்கு நோட்டை மூடிவிட்டு, "தட்டு மாட்டக் கத்துக்குங்க" என்றாள். கற்றுக்கொண்டேன். உன்னைப் படிக்கவைத்தது அந்தத் தட்டுதான். அங்கே நீ பெரிய இன்ஜினியர் என்று பாசாரில் எல்லாரிடமும் சொல்கிறேன், உனக்குப் போன் எடுக்கத்தான் நேரமில்லை.

தீபாவளிப் படத்தில் அந்தப் பிள்ளையைக் காணோம். பொங்கல் படத்திலும் காணோம். வேலை அதிகமாக இருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை. ராத்திரிச் சோறு ஒன்றாகச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடு. இங்கே ஞாயிறு காலை பத்தாக இருக்கும், வீட்டில்தான் இருப்பேன். வீடியோவில் கூப்பிடு. அவளிடமும் போனைக் கொடு. காரைப் பார்த்து ஓட்டு.

அப்பா
பினாங்கு