பல்புக்கு எத்தனை தடை? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்றவன் நிம்மதியாகத் தூங்குவான் என்று பார்த்தால், பேட்டரியும் பல்புமாக மேசையை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். பேத்தியின் பள்ளிப் பாடத்துக்கு உதவப் போய் நீயே அதில் மாட்டிக்கொண்டது எனக்கு மகிழ்ச்சிதான். கணக்குப் பேரேட்டோடு காலம் கழித்தவனுக்கு இரண்டு எண்கள் ஒத்துப்போகாவிட்டால் சோறு இறங்காது என்பது எனக்குத் தெரியாதா?

இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்புரை அறுவை முடிந்துவிட்டது. ரெசிஸ்டரின் வண்ணப் பட்டைகளில் சிவப்பு எது, ஆரஞ்சு எது என்று இப்போது தெரிகிறது. போன வருடம் வரை எல்லாமே பழுப்புதான்.

சரி, உன் வழக்குக்கு வருகிறேன். 12 வோல்ட் கார் பல்பு, எரியும்போது 1.75 ஆம்பியர் எடுக்கிறது. மின்னழுத்தத்தை (வோல்ட்) மின்னோட்டத்தால் (ஆம்பியர்) வகுத்தால் தடை 6.86 ஓம், இரண்டையும் பெருக்கினால் திறன் 21 வாட். பல்பின் மேல் அச்சிட்டிருப்பதும் 21 வாட்தான். அதுவரை சரி. ஆனால் பல்பைக் கழற்றி மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்தால் 0.8 காட்டுகிறது, இரண்டில் எது பொய் என்று கேட்டிருக்கிறாய்.

இரண்டுமே பொய்யில்லை. முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார். பூஜ்யம் வராது; 0.2 போல ஏதாவது காட்டும். அது மீட்டர் கம்பிகளின் சொந்தத் தடை. கழித்துவிட்டால் பல்புக்கு மிஞ்சுவது 0.6 ஓம். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய ஓட்டம், அதில் பல்பின் இழை சூடாவதே இல்லை. நீ அளந்தது குளிர்ந்த டங்ஸ்டன் உலோக இழையை. எரியும்போது அந்த இழை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும்; சூடு ஏற ஏறத் தடையும் ஏறிப் பத்து மடங்குக்கு மேல் போய்விடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுவிட்சைப் போடும் அந்த முதல் கணத்தில் தடை 0.6 ஓம்தானே? பன்னிரண்டை அதனால் வகுத்துப் பார்: 20 ஆம்பியர்! இழை சூடாகும்வரை கண்ணிமைக்கும் நேரத்துக்குத்தான் இது. ஆனாலும் பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே ‘டப்’பென்று உயிரை விடுவதற்கு இதுதான் காரணம்.

ஆக, வகுத்து வருவது அந்த நேரத்துத் தடை, அவ்வளவே. எந்தப் பொருளிலும் வோல்ட்டை ஆம்பியரால் வகுக்க யாராலும் முடியும். ஜெர்மன் இயற்பியலர் ஜார்ஜ் ஓம் சொன்னது அது மட்டுமல்ல. வெப்பநிலை மாறாதவரை ஓர் உலோகக் கம்பிக்கு அந்த விகிதம் மாறாது என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. அதைக் காட்ட அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. அன்றைய மின்கலங்கள் அளந்துகொண்டிருக்கும்போதே வலுவிழந்துவிடும். அதனால் அவற்றை ஒதுக்கிவிட்டு, பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான அழுத்தம் எடுத்தார். 1827-இல் புத்தகமாக வெளியிட்டார். லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது 1841-இல்.

திறனுக்கு மூன்று சூத்திரங்கள் இருப்பது குழப்புகிறது என்று எழுதியிருந்தாய். மூன்றும் ஒன்றின் வேடங்கள்தான். அழுத்தம் பெருக்கல் ஓட்டம் என்பதையே எப்போதும் பிடித்துக்கொள் என்பேன். மற்ற இரண்டிலும் (ஓட்டத்தின் வர்க்கம் பெருக்கல் தடை, அழுத்தத்தின் வர்க்கம் வகுத்தல் தடை) தடை வந்துவிடுகிறது. தடை என்றதும் ‘எதனுடைய தடை?’ என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. உன் கம்பி சூடாகிறது என்றாயே, அதையே எடுத்துக்கொள். கம்பியின் தடை 0.2 ஓம், ஓட்டம் 5 ஆம்பியர் என்று வை. ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 5 வாட் கம்பியிலேயே வெந்து போகிறது. 12 வோல்ட்டின் வர்க்கத்தை 0.2-ஆல் வகுத்தாயானால் 720 வாட் என்று வந்து உன்னைப் பயமுறுத்தும்! கம்பியின் இரு முனைகளுக்கு நடுவே இருப்பது ஒரு வோல்ட்தான், 12 அல்ல. எந்த அழுத்தம், எதன் குறுக்கே என்று பார்க்காமல் சூத்திரத்தில் எண்ணைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

அடுத்து மோட்டாரைச் சோதிக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அங்கே இந்த வகுத்தல் இன்னும் விளையாட்டுக் காட்டும். 12 வோல்ட்டில் சுழலும் மோட்டார் 2 ஆம்பியர் எடுத்தால் விகிதம் 6 ஓம். ஆனால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் தடை 1 ஓம்தான் இருக்கலாம். சுழலும்போது மோட்டாரே ஓர் எதிர் அழுத்தத்தை உண்டாக்குகிறது. இங்கே அது 10 வோல்ட். உள்ளே போகும் 24 வாட்டில் சுருளைச் சூடாக்குவது 4 வாட், மீதி 20 சுழற்றுவதற்கும் உராய்வுக்கும். அச்சைப் பிடித்து நிறுத்திவிட்டால் எதிர் அழுத்தம் போய்விடும். ஓட்டம் 12 ஆம்பியராக ஏறி, 144 வாட்டும் வெறும் சூடாகும். சிக்கி நின்ற மோட்டார் புகைவது இதனால்தான். ஆகவே பேத்தியை அச்சில் கைவைக்க விடாதே.

ஓட்டத்தை அளக்கும்போது மீட்டரைத் தொடராகத்தான், அதாவது ஓட்டம் அதன் வழியே போகும்படிதான், இணைக்கவேண்டும். பேட்டரியின் இரு முனைகளுக்கு நேரே வைத்தால் உள்ளே ஃபியூஸ் போய்விடும். மில்லி ஆம்பியரில் காட்டினால் பெருக்குவதற்குமுன் ஆயிரத்தால் வகுத்துக்கொள்.

மோட்டாரின் எண்களை அடுத்த கடிதத்தில் எழுது. வோல்ட்டை மோட்டாரின் முனைகளிலேயே அள, பேட்டரியில் வேண்டாம். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். பேத்திக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
ராகவன்