பழைய மதுக்கடைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின மக்களின் பாப்டிஸ்ட் சபை ஒன்றோடு சேர்ந்து நாம் எடுத்துக்கொண்ட திருப்பணி நல்லபடியாக முடிந்தது. சபையை ஒட்டிப் பூட்டிக் கிடந்த மதுக்கடையைச் சபையார் வாங்கியிருந்தார்கள். குடியைக் குறைக்க நினைக்கும் ஆண்கள் மாலையில் கூடிப் பேச அதை ஓர் இடமாக்கித் தருவதுதான் நம் பொறுப்பு. சாவியைப் போதகரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

நம் பணத்தை அங்கே ஏன் போட வேண்டும் என்று பொதுக்குழுவில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்கக் கறுப்பின ஆண்கள் சராசரியாக வெள்ளையரைவிடக் குறைவாகவே குடிக்கிறார்கள். குடியைத் தொடாதவர்களும் அவர்களில் அதிகம். ஆனாலும் குடிப்பவர்களுக்கு அதனால் வரும் கேடு கூடுதல். ரத்த அழுத்தம் ஏற்கெனவே வாட்டுகிறது, சிகிச்சை எளிதில் கிடைப்பதில்லை, தெருவுக்குத் தெரு மதுக்கடை. அதை எதிர்த்து அந்த மக்களே வெகுகாலமாகப் போராடுகிறார்கள். பின்னாளில் நகர மேயரான கரென் பாஸ் 1990இல் தொடங்கிய கம்யூனிட்டி கோயலிஷன் என்ற மக்கள் அமைப்பு, அந்நகரில் 1992இல் நடந்த கலவரத்தில் எரிந்த சுமார் 200 மதுக்கடைகளில் 150 அளவுக்கு மறுபடி திறக்காமல் பார்த்துக்கொண்டது. கடைக்காரர்களில் பலர் கொரியக் குடும்பத்தினர். அவர்கள் பிழைப்பு போனதும் உண்மை. அதையும் மறக்கக் கூடாது.

இனி வேலை விவரம். கல்லாவைச் சுற்றிக் கூரை வரை தடித்த கண்ணாடித் தடுப்பு, பணம் தள்ள அடியில் ஒரு சின்னப் பொந்து. வாங்குகிறவரைத் திருடனாகவே பார்த்த கடை அது. முதலில் அதைக் கழற்றினோம். ஜன்னல் கம்பிகளை அறுத்தோம். மின்வேலையும் குழாய்வேலையும் லைசென்ஸ் உள்ளவர்களிடம் கொடுத்தோம். சுண்ணாம்பு, தரை, மேசை நாற்காலி எல்லாம் நம் உறுப்பினர்களும் சபை இளைஞர்களும் பார்த்துக்கொண்டார்கள்.

பீர் அடுக்கி வைத்திருந்த குளிரறையை இடிப்பதாகத்தான் திட்டம். சபையின் மூத்தவர் ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் பேசிப் பார்த்தார். வெளியே ஒன்றும் கேட்கவில்லை! தனியாக மனம் விட்டுப் பேச இதைவிட நல்ல அறை கிடைக்காது என்றார். இயந்திரத்தை எடுத்துவிட்டுக் காற்றோட்டமும் விளக்கும் வைத்து, உள்ளிருந்து எளிதாகத் திறக்கும் புதுக் கதவு போட்டோம். வாசலைப் பக்கத்துத் தெருவில் வைக்கச் சொன்னதும் சபையார்தான். குடிப்பவர் ஆராதனைக்கு வரும் கூட்டத்தின் கண்ணில் படக் கூசுவார், அப்புறம் வரவே மாட்டார் என்றார்கள். இது நமக்குத் தோன்றியிருக்காது.

அங்கே யாரும் யாருக்கும் பிரசங்கம் செய்வதில்லை. குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பத்துக் கேள்விப் படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள், விருப்பமில்லாதவரை வற்புறுத்துவதில்லை. "ஒரே ஒரு பாட்டில்தான்" என்பவருக்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறார்கள். அமெரிக்க அளவில் ஒரு பானம் என்றால் 14 கிராம் ஆல்கஹால். 7 சதவீத ஆல்கஹால் உள்ள மால்ட் லிக்கர் (காட்டமான பீர்) 40 அவுன்ஸ், அதாவது சுமார் 1.2 லிட்டர், பாட்டில் ஒன்றிலேயே நாலரைப் பானத்துக்குமேல் வந்துவிடும். நாள்தோறும் குடித்துப் பழகியவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால் அப்படிப்பட்டவரை முதலில் மருத்துவரிடம்தான் அனுப்புகிறார்கள்.

பக்கத்துச் சலூன்காரர்களையும் சபையார் அழைத்திருக்கிறார்கள். இதே ஊரில் 52 சலூன்களில், கறுப்பின வாடிக்கையாளர்கள் 319 பேரை வைத்து ரத்த அழுத்த ஆய்வு ஒன்று நடந்தது. மருந்தாளுநர் சலூனுக்கே வந்து பார்த்தவர்களுக்கு ஆறே மாதத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது என்று 2018இல் முடிவு வெளியானது. அந்த ஆய்வு குடியைப் பற்றியது அல்ல. ஆனால் முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்தவர் மனம் விட்டுப் பேசுவார் என்ற நம்பிக்கையை அது தந்திருக்கிறது. அந்த நம்பிக்கை நமக்கும் உண்டு.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு தனியே இணைக்கப்பட்டுள்ளது. நன்கொடையாளர்கள் பெயரைச் சுவரில் பொறிக்க வேண்டாம் என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது. அது அவர்கள் இடம். மீதித் தொகையை அந்த அறையின் மின்கட்டணத்துக்கு ஒதுக்கலாம் என்பது எங்கள் பரிந்துரை. அடுத்த பொதுக்குழுவில் உங்கள் ஒப்புதலைக் கேட்கிறோம். அத்துடன் இந்தக் குழுவின் பொறுப்பு முடிகிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு