‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று நிறுத்திவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பக்கத்தில் வாரந்தோறும் பத்துப் புதிய சொற்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ்ச்சொல் இருக்கிறது. நெடுங்காலம் ஆங்கிலப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால் அந்தப் பக்கத்தை வரி விடாமல் படிக்கிறேன். அந்தச் சொற்களில் பெரும்பாலானவை அன்றாடப் பேச்சிலோ செய்தித்தாளிலோ அரிதாகவே கண்ணில் படுபவை. ஆங்கிலம் கற்பவர்களை உண்மையில் தடுக்கிவிடும் சொற்கள் வேறு. ‘கெட்’, ‘டேக்’, ‘செட்’, ‘ரன்’ என்று முதல் வகுப்பிலேயே படித்து, தெரிந்துவிட்டது என்று ஓரங்கட்டிய சின்னஞ்சிறு சொற்கள்தாம் அவை.

ஒரு வகுப்பு இன்றும் என் நினைவில் இருக்கிறது. பாடத்தில் ஒரு பெண் சிறிய பள்ளி ஒன்றை ‘ரன்’ செய்வதாக ஒரு வரி வந்தது. நன்றாகப் படிக்கும் மாணவன் ஒருவன் அதை, “அவள் ஒரு சிறிய பள்ளிக்கு ஓடுகிறாள்” என்று எழுதியிருந்தான். அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று ஐந்து வயதில் அவனுக்குச் சொன்னோம். அதன்பிறகு அந்தச் சொல்லின் பக்கம் யாருமே அவனை அழைத்துப்போகவில்லை.

அந்தச் சொல்லின் பரப்பு சிறியதன்று. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான் இருந்தது. பிறகு அகராதியைத் திருத்தி எழுதும் பணியில் ‘ரன்’ அதை முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் பகுத்துக் காட்டப்பட்டன. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு அந்த ஒரு சொல்லை முடிக்க ஒன்பது மாதங்கள் ஆயின. நம் மாணவர் கையிலிருக்கும் சிறிய அகராதியோ அதை ஒற்றை வரியில் முடித்துவிடுகிறது.

645 என்றதும் மலைக்க வேண்டாம். அவற்றில் பலவற்றுக்குச் சாவி தமிழிலேயே இருக்கிறது. தமிழில் ‘ஓடு’ தன்வினை, ‘ஓட்டு’ பிறவினை. வண்டி ஓடுகிறது, வண்டியை ஓட்டுகிறோம். குடும்பம் ஓடுகிறது, குடும்பத்தை ஓட்டுகிறோம். பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு வினைகள் இருந்தன. தானாக ஓடுவதற்கு ஒன்று, ஓடச்செய்வதற்கு இன்னொன்று. காலப்போக்கில் இரண்டும் கலந்து ‘ரன்’ என்ற ஒரே வடிவமாகிவிட்டன. கடையை, நிறுவனத்தை, இயந்திரத்தை, கணினி நிரலை ‘ரன்’ செய்வதெல்லாம் நம் ‘ஓட்டு’தான். பின்னால் ஒரு செயப்படுபொருள் வருகிறதா என்று பார்க்கச் சொன்னால் போதும், பிள்ளைகள் பாதிக் கிணறு தாண்டிவிடுவார்கள். இந்த ஒரு விளக்கத்தை அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் அந்த மாணவன் பள்ளியைச் சரியாகவே நடத்தவிட்டிருப்பான்.

இன்னொரு சாவி தண்ணீர். ‘ரன்’ என்பதன் மூலச்சொல்லுக்கு ஓடுதலோடு ஒழுகுதல், வழிதல் என்ற பொருளும் தொடக்கத்திலிருந்தே உண்டு. அதன் உறவுச்சொற்கள் ஜெர்மன் மொழியில் இன்றும் பிரிந்தே நிற்கின்றன. ‘ரின்னன்’ என்றால் நீர் வழிதல், ‘ரென்னன்’ என்றால் விரைந்து ஓடுதல். ஆகவே ஆறு ‘ரன்’ ஆகிறது என்பது அலங்காரப் பேச்சு இல்லை. அது அந்தச் சொல்லின் பிறப்புரிமை. துணியின் சாயம் கரைந்து பரவுவது, மூக்கு ஒழுகுவது, குழாயில் தண்ணீர் வருவது எல்லாமே இந்தக் கிளையில் அடங்கிவிடும். ‘ஓடை’ என்ற சொல்லையும் நீரோட்டம், இரத்த ஓட்டம், மின்னோட்டம் ஆகியவற்றையும் வைத்திருக்கும் நமக்கு இது புரியாமல் போக வழியே இல்லை. சோதனைக்காக ஒன்றை முதன்முதலில் இயக்கிப் பார்ப்பதை ஆங்கிலத்தில் ‘டிரையல் ரன்’ என்கிறார்கள். நாம் ‘வெள்ளோட்டம்’ என்கிறோம். இரண்டிலும் ஓட்டம் இருக்கிறது!

இரண்டு மொழிகளும் கைவிட்டுப் பிரியும் இடங்களும் உண்டு. அங்கேதான் ஆசிரியர் கூடவே நடக்க வேண்டும். அமெரிக்காவில் தேர்தலில் போட்டியிடுபவர் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனிலோ அவர் நிற்கிறார். நாமும் “தேர்தலில் நிற்கிறார்” என்றுதான் சொல்கிறோம். ஒரே செயலை ஒரு நாட்டில் ஓட்டமாகவும் இன்னொரு நாட்டில் நிற்பதாகவும் கண்டிருக்கிறார்களே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு வரும். ‘ரன்’னோடு ‘அவுட்’ சேர்ந்தால் கையிருப்பு தீர்ந்துபோகிறது. அதையே கிரிக்கெட் மைதானத்தில் சொன்னால் மட்டையாளர் ஆட்டமிழக்கிறார். ‘இன்டு’ சேர்ந்தால் பழைய நண்பரை எதிர்பாராமல் சந்திக்கவும் செய்யலாம், சுவரில் மோதவும் செய்யலாம். வைப்பாளர்கள் அஞ்சி ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க வங்கியை மொய்த்தால் அதற்குப் பெயரும் ‘ரன்’தான். ‘லாங் ரன்’ என்பதை ‘நீண்ட ஓட்டம்’ என்று பெயர்த்தால் பொருளாதாரக் கட்டுரையே தடம் மாறிவிடும். அங்கே ‘நாளடைவில்’, ‘நெடுங்கால நோக்கில்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘மூன்று நாள் ரன்னிங்’ என்றால் மூன்று நாளும் ஓடியதாகப் பொருளில்லை, தொடர்ந்து மூன்று நாள் என்று பொருள்.

இத்தனையையும் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்வது கொடுமை. சொல்லைச் சுற்றி நிற்பவற்றைப் பார்க்கப் பழக்குவதே வழி. இதை நாம் வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. பலபொருள் ஒருசொல்லைப் பற்றித் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் தெளிவாகவே சொல்லிவிட்டார். ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’ அதன் பொருள் தெளிவாகத் தோன்றும் என்பது அவர் வாக்கு. ‘மா’ என்றால் மரமா விலங்கா என்ற ஐயம், ‘மா பூத்தது’ என்றதும் நீங்கிவிடுகிறது. அவர் அதைப் பெயர்ச்சொல்லை வைத்துச் சொன்னார். வினைச்சொல்லுக்கு அதைத் திருப்பிப் போட்டால், ஓடுவது எது என்ற கேள்வி வருகிறது. ஆறா, மூக்கா, ஒப்பந்தமா, படமா? எழுவாய் மாறினால் ‘ரன்’னும் மாறுகிறது. நான் பின்னாளில் வகுப்பில் இந்த ஒரு கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அகராதியைத் தொடாமலேயே பிள்ளைகள் சரியான தமிழ்ச்சொல்லுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பொருள் பெருகுவதும் மாறுவதும் ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய குறையும் அன்று. திருக்குறளின் 58ஆம் அதிகாரத்தின் பெயர் ‘கண்ணோட்டம்’. அங்கே அதற்கு இரக்கம் என்று பொருள், கண் பிறரை நோக்கிக் கனிந்து ஓடுவது. இன்று நாம் அதே சொல்லைப் ‘பார்வை’, ‘கருத்து நிலை’ என்ற பொருளில் எழுதுகிறோம். இன்றைய பொருளோடு அந்த அதிகாரத்தைப் படிப்பவர் அதைத் தவறாகவே புரிந்துகொள்வார். ஆங்கிலச் சொல்லின் கிளைகளைத் தேடிப் போகிற மாணவர் தம் மொழியின் கிளைகளையும் கண்டு வருகிறார். எனக்கு இதில் இருக்கும் மகிழ்ச்சி கொஞ்சமன்று.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்துக்குப் பத்துப் புதுச்சொல் என்பதைச் சில வாரங்கள் நிறுத்திவைத்து, ஒரு பழைய சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரன்’னுக்கே நான்கு வாரம் கொடுத்தாலும் தகும். எதிரே தனிச்சொல்லைப் போடாமல், முழு வாக்கியத்தையும் அதற்கு இயல்பான தமிழ் வாக்கியத்தையும் அச்சிடுங்கள். வாசகர்களிடமிருந்தும் வாக்கியங்கள் கேட்டு வாங்குங்கள். நான் வகுப்புக்காகச் சேர்த்துவைத்த குறிப்பேடுகள் என்னிடம் இருக்கின்றன. ‘ரன்’, ‘டேக்’, ‘கெட்’ மூன்றுக்கும் உரிய பக்கங்களைப் படியெடுத்து, தாங்கள் கேட்டால் மறுநாளே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்