மொசைக் போட்ட மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா?

போன ஞாயிறு இங்கிலாந்தில் செட்வொர்த் என்ற ஊருக்குப் போயிருந்தேன். ரோமானியர் காலத்துப் பண்ணை மாளிகை ஒன்று 1864-ல் அங்கே மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. மிஞ்சியிருப்பது குட்டைச் சுவர்கள்தான். மழையில் கரையாதிருக்க அவற்றின் தலையில் சின்னச் சின்னக் கல் ஓட்டுக் கூரை வைத்திருக்கிறார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைப் பார்க்கும் பழக்கம் உங்களிடமிருந்து வந்ததுதானே.

இது உங்கள் மொசைக் அல்ல, மாமா. சிமென்ட்டில் சிப்ஸ் கலந்து கொட்டி, இறுகியதும் மெஷினால் தேய்க்கிற வேலையே இல்லை. கல்லைச் சின்னச் சதுரங்களாக நறுக்கி, சுண்ணாம்புக் காரையில் ஒவ்வொன்றாகப் பதித்திருக்கிறார்கள். சாப்பாட்டு அறையில் நான்கு பருவங்களும் ஆட்களாக இருந்திருக்கின்றன, இலையுதிர்காலம் அழிந்துவிட்டது. குளிர்காலம் தலையை மூடிய அங்கியோடு, ஒரு கையில் முயலும் மறுகையில் மொட்டைக் கிளையுமாக நிற்கிறது. உண்மையில் மாளிகைக்காரர்களுக்குக் குளிரே தெரிந்திருக்காது. குட்டித் தூண்களின் மேல் தரையை ஏற்றி, வெளியே அடுப்பெரித்து, அனலை அடியில் ஓடவிட்டிருக்கிறார்கள். அடுப்படியில் நின்றவனுக்கு என்ன தெரிந்தது என்பது வேறு கதை.

உங்களிடம் சொல்ல வந்தது அதே மாளிகையின் இன்னொரு தரையைப் பற்றி. அதைப் படத்தில்தான் பார்த்தேன். ரோமானிய ஆட்சி 410 வாக்கில் பிரிட்டனைக் கைவிட்டது. அதோடு இப்படிப்பட்ட மாளிகை வாழ்க்கையும் முடிந்தது என்றே நினைத்திருந்தார்கள். ஆனால் ஓர் அறைச் சுவரின் அடித்தளத்தில் கிடைத்த கரியையும் எலும்பையும் சோதித்ததில், அந்தச் சுவர் 424-க்குப் பிறகே எழுந்திருக்க முடியும் என்று 2020-ல் அறிவித்தார்கள். தரை அதற்கும் பிந்தியது. வேலை சுமார்தான், சில இடங்களில் பிசகு. தொழில்திறன் தேய்ந்த காலம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கோ அந்தக் கைகாரர் மேல்தான் நினைவு. புதுக் காசு வருவதே நின்றுபோன நாட்டில் அவருக்குக் கூலியாக எதை அளந்தார்கள்? கல் நறுக்கிக் கொடுக்கக் கையாள் இருந்தானா?

டைல்ஸ் வந்த பிறகு நீங்கள் கடைசியாகப் போட்டது எங்கள் வீட்டுக் கூடம். மூலைத் தாமரையில் ஓர் இதழ் குறைந்தது. அம்மா அதன்மேல் பீரோவை நிறுத்திவிட்டாள். தை மாதம் வருகிறேன். நீங்களும் வாருங்கள், பீரோவை நகர்த்தலாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்